மாணவர் விடுதியும் மன ஆறுதல் தரும் பிராணிகளும்

மாணவர் விடுதிகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமளிப்பதில்லை என்பது பல நாடுகளிலும் காணப்படும் விதியாகும். ஆயினும், உளநோயால் வருந்தும் மாணவர் ஒருவருக்கு அத்தகைய பிராணியே ஆறுதலாக அமையுமானால் அவ்விதி தளர்த்தப்பட வேண்டுமா? அமெரிக்க நீதிமன்றமொன்று இக்கேள்விக்கு அளித்த விடை எமது சிந்தனைக்கும் உரியது.

நெப்ராஸ்கா மாநிலத்தின் கேர்னி நகரிலுள்ள அரச பல்கலைக்கழகத்தில், மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் அவதியுற்ற மாணவி ஒருவர் தமது சிறிய நாயைப் பல்கலைக்கழகக் குடியிருப்பில் வைத்திருக்க அனுமதி கோரினார். அது மறுக்கப்படவே, 2011இல் அமெரிக்க மத்திய அரசே வழக்குத் தொடுத்தது. மாணவர் தங்குமிடங்களுக்கு வீடமைப்புச் சட்டம் பொருந்தாது என்ற பல்கலைக்கழகத்தின் வாதத்தை 2013இல் நீதிமன்றம் நிராகரித்தது. 2015இல், முன்னாள் மாணவர் இருவருக்கு 140,000 டொலர் வழங்கும் இணக்கத்துடன் வழக்கு முடிவுற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ள வேண்டும். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் அதற்கெனப் பயிற்றப்பட்டது. ஆறுதல் தரும் பிராணிக்கு அத்தகைய பயிற்சி இல்லை; அதன் அருகிருப்பே அதன் பயன். ஆகையால் பொய்க் காரணங்களுக்கும் இடமுண்டு. பயணிகள் இச்சலுகையைத் தவறாகப் பயன்படுத்தியமையால், விமானங்களில் இத்தகைய பிராணிகளை ஏற்க வேண்டும் என்ற கட்டாயத்தை அமெரிக்கா 2020 டிசெம்பரில் வெளியிட்ட விதிகளின் மூலம் நீக்கியது. எனினும், வீடமைப்புச் சட்டத்தின் பாதுகாப்பை அது தொடவில்லை.

நல்லூர்ப் பிரதேசத்தின் திருநெல்வேலியில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மாணவர் வருகின்றனர். விடுதிகளிலும் அயலிலுள்ள வாடகை அறைகளிலும் பலர் ஒன்றாகத் தங்குகின்றனர். இச்சூழலில் ஒருவரின் ஆறுதல் மற்றவரின் இடர்ப்பாடாகலாம். எமது முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் உமிழ்நீர் அசுத்தமானது. அது பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். பூனைக்கோ அத்தடையில்லை. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டதாகவும் ஹதீஸ் கூறுகின்றது. சைவர்களுக்கு நாய் வைரவரின் வாகனம். ஆகவே உயிர்களிடத்து அன்பு இரு சாராருக்கும் பொதுவானது. தூய்மை பற்றிய விதிகளே வேறுபடுகின்றன. ஒவ்வாமை நோயும் விசர்நாய்க்கடி அச்சமும் எல்லோருக்கும் பொதுவானவை.

எனவே அமெரிக்க ஏற்பாட்டை அப்படியே இங்கு நடுவதற்கு நாம் வாதாடவில்லை. ஆனால் அதன் அடிப்படை எமக்கு அந்நியமானதன்று. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. நீண்டகால உளநலப் பாதிப்பையும் கருத்திற்கொள்ளும் அச்சமவாயம், நியாயமான வசதியை மறுப்பதும் பாரபட்சமே என்கின்றது. போர் விதைத்த உளக்காயங்களைத் தலைமுறைகளாகச் சுமக்கும் மண்ணில் இதனை அலட்சியம் செய்யலாகாது.

மாணவர் ஒருவர் மருத்துவச் சான்றுடன் உதவி கோரினால், "விதியில் இல்லை" என்று கதவடைப்பது விடையாகாது. அவரது தேவை யாது, உடனுறைவோரின் நிலை யாது, தனியறை, அறைமாற்றம், உள ஆற்றுப்படுத்தல் ஆகியவற்றுள் எது பொருந்தும் என ஒவ்வொரு கோரிக்கையும் தனித்தனியே ஆராயப்பட வேண்டும். பிராணிக்கு இடமளிப்பதா என்பது அதன் பின்னர் எழும் கேள்வி. மாணவரின் துயரைச் செவிமடுக்க ஒருவர் இருக்கின்றாரா என்பதே முதற்கேள்வி.