டவருக்குக் கீழே ஒரு பெட்டி

1995 ஜூலை 31. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, டெல்லி சஞ்சார் பவனில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் செல்போனில் பேசினார். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு அது. சேவை மோடி டெல்ஸ்ட்ராவுடையது; வலையமைப்புக் கருவிகள் பின்லாந்தின் நோக்கியாவுடையவை. நோக்கியா என்றதும் நமக்குக் கைபேசிதான் ஞாபகம் வருகிறது. எனக்கோ டவரடியில் இருக்கும் பேஸ் ஸ்டேஷன் பெட்டிதான் பெரிய அதிசயம்.

அன்றைய ஜிஎஸ்எம் முறையில் போனிலிருந்து டவருக்கு 890 முதல் 915 மெகாஹெர்ட்ஸ். டவரிலிருந்து போனுக்கு 935 முதல் 960. ஒவ்வொன்றையும் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பிரித்தால் கிடைப்பவை 124 தடங்கள். ஒரு மாநகரத்துக்கு இது எந்த மூலைக்கு? ஒரே தடத்தில் எட்டுப் பேரைப் பேசவைக்கிறது இந்தப் பெட்டி. ஒருவருக்கு 0.577 மில்லிவிநாடி, எட்டாமவர் முடிந்ததும் மறுபடி முதலாமவர். ஒரு சுற்றுக்கு 4.6 மில்லிவிநாடிதான். குரல் எண்களாகிச் சுருங்கித் துண்டுதுண்டாகப் போய், மறுமுனையில் ஒன்றுசேர்வதால் காதுக்கு இடைவெளி தெரிவதில்லை.

இதில் ஒரு சிக்கல். தொலைவிலுள்ள போனின் அலை வந்துசேரச் சற்றுத் தாமதமாகும். பக்கத்து ஆளின் நேரத்துக்குள் விழுந்துவிடும். அதனால் பெட்டி தாமதத்தை அளந்து, 'நீ இவ்வளவு முன்னதாக அனுப்பு' என்று அந்தப் போனுக்குச் சொல்லிவிடுகிறது. இந்தத் திருத்தத்துக்கும் எல்லை உண்டு. சிக்னல் எவ்வளவு பலமாக இருந்தாலும், சாதாரண ஜிஎஸ்எம் டவர் சுமார் 35 கிலோமீட்டரைத் தாண்டாததற்குக் காரணம் இதுதான். தள்ளியிருக்கும் இன்னொரு டவர் அதே தடங்களைத் திரும்பவும் பயன்படுத்திக்கொள்ளும். எந்த டவருக்கு எந்தத் தடம் என்று திட்டமிடுவது தனிக்கலை.

2012 ஏப்ரல் 10 அன்று நாட்டின் முதல் 4ஜி சேவையை ஏர்டெல் தொடங்கியதும் கொல்கத்தாவில்தான். அப்போது கருவிகள் தந்தது சீனாவின் இசட்டிஇ. இன்று 5ஜிக்கான கருவிகளை நோக்கியா நம் சென்னைக்கு அருகே ஒரகடத்தில் தயாரிக்கிறது.

இதற்கெல்லாம் ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே, 1890களில், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் ஜகதீச சந்திர போஸ் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கி ஆராய்ந்தார். 2022 அலைக்கற்றை ஏலத்தில் 5ஜிக்காக விற்கப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 11.5 மில்லிமீட்டர், போஸ் கையாண்டது அதைவிடவும் குட்டை! இவ்வளவு குறுகிய அலைகள் கட்டடச் சுவர்களை எளிதில் ஊடுருவா. ஆகவே உயர்ந்த டவர் ஒன்று போதாது. சிறு பெட்டிகளைத் தெருவிளக்குக் கம்பம்வரை இறக்கி, நெருக்கமாகப் பொருத்த வேண்டியிருக்கிறது.