கருவியின் சொல்லை நம்பலாமா?



வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலே, சாரலுக்கு அஞ்சி வகுப்பறைச் சாளரங்களை அடைத்துவிடுகிறோம். மாணவர் விடும் மூச்சு உள்ளேயே தங்கிவிடுகிறது. அம்மூச்சில் நூற்றுக்கு ஏறக்குறைய 4 பங்கு காபனீரொட்சைட்டு ஆகும். அறையில் அவ்வாயு மிகுந்தால், பிறர் விட்ட மூச்சையே நாம் மீண்டும் உள்ளிழுக்கிறோம் என்பது பொருள். அங்கே ஒருவருக்குக் காசநோய் இருப்பின், கிருமி பரவவும் இடமுண்டு.

இதனை அளக்கக் கையடக்கமான கருவிகள் இன்று கிடைக்கின்றன. அவற்றுள் தரமானவை, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரைக் காற்றினூடே செலுத்தி, அதில் எவ்வளவை இவ்வாயு உறிஞ்சுகிறது என்று கணிக்கின்றன. நாளடைவில் கதிர் தரும் விளக்கு மங்குவதால் கணிப்பும் பிசகும். ஆகவே இடையிடையே அளவுதிருத்தம் வேண்டும்.

பொருளை நிறுக்குமுன், வெறுந்தட்டுகள் சமமாய் நிற்கின்றனவா என்று வணிகர் பார்ப்பதில்லையா? இக்கருவிக்குத் திறந்தவெளிக் காற்றே வெறுந்தட்டு. 1958ஆம் ஆண்டில் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே சாள்ஸ் கீலிங் என்னும் அறிஞர் அளக்கத் தொடங்கியபோது, பத்து இலட்சம் பங்கு காற்றில் இவ்வாயு ஏறக்குறைய 315 பங்கு இருந்தது. இன்று அது 420ஐக் கடந்துவிட்டது.

நம் கரையோரத்தில், பகலிலே கடற்காற்று வீசும் வேளை திருத்தத்திற்கு ஏற்றது. காற்றசையாத விடியற்காலை ஏற்றதன்று. மண்ணும் மரஞ்செடிகளும் இரவெல்லாம் விட்ட வாயு அப்போது தரையருகே தேங்கியிருக்கும். கடலை நோக்கிய மேல்மாடியில், வெயிலும் உப்புத் துவலையும் படாத நிழலிலே, கருவியை இயக்கி வையுங்கள். அடுப்பும் வாகனமும் அருகில் இருத்தலாகாது. உங்கள் மூச்சும் அதிற் படாதவாறு விலகி நில்லுங்கள். அரைமணி நேரம் சென்று எண் நிலைத்தபின், கருவியோடு வந்த கைந்நூல் கூறும் முறைப்படி திருத்துங்கள்.

மூடிய அறைக்குள் வைத்துத் திருத்தினால் என்ன நேரும்? அறையில் 900 பங்கு இருக்கையில் கருவி அதனை 420 என்று கொண்டுவிடும். பின்னர் 1400 பங்கு நிறைந்த வகுப்பறையிலும் 900 அளவிலேயே காட்டி, நம்மை வீணே அமைதியுறச் செய்யும்.

சில கருவிகள், சில நாட்களில் கண்ட மிகக் குறைந்த அளவையே தூய காற்றென எண்ணித் தாமே திருத்திக்கொள்கின்றன. இரவில் ஆளின்றி, காற்றோட்டம் பெறும் பள்ளிக்கு இது பொருந்தும். இரவும் பகலும் மக்கள் நிறைந்த, மூடிய நோயாளர் விடுதிக்குப் பொருந்தாது; அங்கே அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

செவ்வையாய்த் திருத்திய கருவி 1000ஐத் தாண்டிக் காட்டினால், சாரல் அடியாத பக்கத்துச் சாளரங்களையேனும் உடனே திறந்துவிடுங்கள். எண் இறங்குவதைச் சிறிது நேரத்தில் நீங்களே காண்பீர்கள்.