அப்பாவின் மேசை

குழந்தைகள் ஒரு வீட்டில் மிகவும் விரும்பும் இடம் எது? பொம்மைகள் அடுக்கிய மூலை அன்று. "அங்கே போகக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்லிவைத்த இடமே ஆகும். மருத்துவரின் பை, தையற்காரரின் கத்தரிக்கோல், ஆசிரியரின் சிவப்பு மைப் பேனா என வீட்டுக்கு வீடு பொருள் மாறலாம், ஆர்வம் மாறுவதில்லை. எங்கள் வீட்டில் அவ்விடம் அப்பாவின் மேசையாக இருந்தது.

எங்கள் குழந்தைப் பருவம் மும்பை மாட்டுங்காவில் கழிந்தது. பகலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிந்த அப்பா, மாலை வேளைகளில் மஸ்ஜித் பந்தர் பகுதி மொத்த வணிகர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிவந்தார். ஓர் அறையும் சமையலறையும் மட்டுமே கொண்ட வீட்டில் தனி அலுவலகத்துக்கு இடமேது? பால்கனியைக் கம்பியும் கண்ணாடியும் வைத்து அடைத்து, அதில் ஒரு மர மேசையைப் போட்டிருந்தார். சிவப்புத் துணியால் அட்டையிட்ட பேரேடுகள் அங்கே அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் திறந்தால் மஞ்சளும் மிளகாயும் மணக்கும். கார்பன் தாள், மைப் பெட்டி, நாள் மாற்றும் ரப்பர் முத்திரை, துளையிடும் கருவி ஆகிய அனைத்தும் எங்கள் மூவருக்கும் விலக்கப்பட்ட செல்வங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயிலுக்குச் சென்றிருந்த நேரத்தில் நாங்கள் அங்கே ஒரு வங்கியைத் தொடங்கினோம். அண்ணன் காசாளர், மற்ற இருவரும் வாடிக்கையாளர்கள். பாட்டியைக் காவலுக்கு வைத்தோம்; அவரோ நாற்காலியிலேயே உறங்கிவிட்டார். வந்த வாடிக்கையாளரையெல்லாம் அண்ணன் மனநிறைவுடன் அனுப்பிவைத்தான். 'செலுத்தப்பட்டது' என்னும் முத்திரையைப் பேரேட்டின் பதினொரு பக்கங்களில் அழுத்தமாகப் பதித்த பிறகே வங்கியின் வேலைநேரம் முடிந்தது.

திரும்பி வந்த அப்பா நெடுநேரம் பேசவில்லை. தாளைக் கிழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்று அண்ணன் மெல்லச் சொன்னான். அப்போதுதான் அவர் வாய் திறந்தார். கணக்கில் எதையும் கிழிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. தவற்றின் குறுக்கே ஒரு கோடிட்டு, சரியானதை அருகில் எழுதி, எழுதியவர் கையொப்பமிட வேண்டும் என்றார். பதினொரு பக்கங்களிலும் அவ்வாறே செய்தார். மறுநாள் எங்களை மஸ்ஜித் பந்தருக்கு அழைத்துச் சென்று, அந்த வணிகரிடம் நாங்களே உண்மையைச் சொல்லும்படி செய்தார். வணிகர் உரக்கச் சிரித்து, ஆளுக்கொரு கை உலர்திராட்சை தந்து அனுப்பினார். வங்கிப் பணிக்கு வந்தபின் நாங்கள் கற்ற பாடங்களுள் இதனினும் பெரியது வேறில்லை.

அதன்பின் மேசை எங்களுக்குத் திறந்தது. பழைய பேரேடு ஒன்று விளையாடக் கிடைத்தது. ஆயினும் கீழ் இழுப்பறை மட்டும் பூட்டியே இருந்தது. "அது பெரியவர்கள் விஷயம்" என்பார். பெரியவர்களான பின்பும் நாங்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2008இல் அப்பா திடீரெனக் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இழுப்பறையைத் திறந்தோம். அம்மாவுக்கே தெரியாத நான்கு வைப்பு ரசீதுகள் அதில் இருந்தன. இரண்டில் அம்மா நியமனதாரர். அத்தொகை விரைவில் கைக்கு வந்தது. மற்ற இரண்டிலும் நாமினி என்று வழக்கில் சொல்லப்படும் நியமனதாரர் பெயரே இல்லை. வாரிசுரிமைச் சான்றிதழ், உறுதிமொழிப் பத்திரம், ஈட்டுறுதிப் பத்திரம், பிணையாளர்கள் என்று பதினான்கு மாதங்கள் அலைந்தோம். நிரப்பாமல் விட்ட ஒரு கட்டம், கணவரை இழந்த அம்மாவை எத்தனை முறை வரிசையில் நிற்க வைத்தது என்பதை நாங்கள் மறக்கவில்லை.

இன்று மேசை எங்களுடையது. மார்ச் 31 நெருங்கும் நாட்களில் வீட்டிலும் வேலை தொடரும், கதவு சாத்தப்படும். சில ஆண்டுகளுக்கு முன், ஒன்பது வயது மகள் கதவின் அடியில் ஒரு துண்டுச் சீட்டைத் தள்ளினாள். "பணம் எடுக்க வேண்டும், ரூ.5" என்று அதில் எழுதியிருந்தது. கோபப்பட முடியவில்லை, பதினொரு முத்திரைகள் நினைவுக்கு வந்தன.

வணிகர்கள் புதுக்கணக்கு நூல்களுக்குப் பூசை செய்யும் தீபாவளி நாளில், எங்கள் இழுப்பறையையும் மகளுடன் சேர்ந்து திறப்பது என்று அவ்வாண்டே முடிவு செய்தோம். முதலில் ரூபாய்த் தாள்களைக் காட்டினோம். பின்புறத்தில் அடுக்காக உள்ள 15 மொழிகளில் தமிழ் 13ஆவது வரி என்று அவளே எண்ணிக் கண்டாள். ஊதா நிற நூறு ரூபாயில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, ஐம்பதில் ஹம்பியின் கல்தேர், இருபதில் எல்லோரா, பத்தில் கோனார்க் என்று அரைமணி நேரம் இந்தியாவைச் சுற்றிவந்தாள்.

அடுத்து வைப்பு ரசீதுகள். ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்தவள் கேட்டாள்: "இதில் பாட்டி பெயர் போட்டிருக்கு. பாட்டிதான் இப்போ இல்லையே அப்பா, பணத்தை யார்கிட்ட கொடுப்பாங்க?"

நாங்கள் வாயடைத்துப் போனோம். அம்மா மறைந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாள்தோறும் வாடிக்கையாளர்களிடம் நியமனத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் நாங்கள், எங்கள் ரசீதை மட்டும் பார்க்கவே இல்லை. அடுத்த வேலைநாளே அது திருத்தப்பட்டது. மகளுக்குப் பத்து வயது நிறைந்ததும் அவளே இயக்கும் சேமிப்புக் கணக்கையும் தொடங்கினோம். வங்கிகள் தத்தம் வரம்புகளுக்கு உட்பட்டு இதனை அனுமதிக்கின்றன.

வாடிக்கையாளர்கள் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். அனைவருக்கும் ஒரே நேரத்தில் விழுக்காடு பிரித்துத் தரலாம். அல்லது ஒருவருக்குப்பின் ஒருவர் என்று வரிசைப்படுத்தலாம். பாதுகாப்புப் பெட்டகத்துக்கு வரிசைமுறை மட்டுமே உண்டு. நியமனதாரர் தொகையைப் பெற்றுக்கொள்பவரே அன்றி, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. சட்டப்படியான வாரிசுகளின் உரிமை நிற்கும். பத்து ஆண்டுகள் கோரப்படாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். அதன் பின்னரும் உரியவர் தம் வங்கியிடம் கோரலாம். அவ்வாறு மறந்துபோன கணக்குகளைத் தேட, 2023இல் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளம் உதவும்.

இழுப்பறையைத் திறப்பது என்பது எல்லாவற்றையும் கையில் கொடுப்பதன்று. ரகசியக் குறியீட்டு எண், கடவுச்சொல், ஒருமுறைக் கடவுச்சொல் ஆகியவை குழந்தைகளிடமும் பகிரத்தக்கன அல்ல. அவற்றை ஏன் சொல்வதில்லை என்பதை மட்டும் சொல்லலாம். காரணம் தெரிந்த குழந்தை தானே காவலாகி விடும்.

வரும் விடுமுறை நாளொன்றில் உங்கள் மேசையருகே குழந்தைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். ஓரிரு முத்திரைகள் தவறான இடத்தில் விழக்கூடும். குறுக்கே கோடிட்டுக் கையொப்பமிட்டால் போதும். நாம் கேட்க மறந்த கேள்வியை அக்குழந்தை கேட்கலாம்.