அரைத்த மாவையே அரைக்கும் வீரர்கள்

பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரத்தில் வாலீஸ்வரர் கோயில் இருக்கிறது. வாலி சிவனை வழிபட்ட தலம் என்பது அதன் தலக்கதை. எதிர்த்து நின்று போரிடுபவரின் பலத்தில் பாதி தன்னிடம் வந்துவிடும் என்பது வாலி பெற்ற வரம். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடம் பூண்டு ஆடும் விளையாட்டுகளும் இந்த வரத்தைத்தான் தருகின்றன. ஆனால் சில்லறை சில்லறையாக. ஓர் ஓநாயைக் கொன்றால் கொஞ்சம் பலம். அதே மாதிரி ஓநாய்களைக் கொன்று குவித்தால் அடுத்த லெவல். ஆடுகிறவர்கள் இதைக் 'கிரைண்டிங்' என்கிறார்கள். அரைத்த மாவையே அரைப்பது என்று நம்மிடம் இதற்குப் பழைய பெயரே உண்டு.

இவ்வளவு அலுப்பான வேலையை ஏன் விடாமல் செய்கிறார்கள் என்று கேட்டால், அடிமைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எனக்கென்னவோ அந்த அலுப்பில்தான் கவர்ச்சியே இருக்கிறது என்று தோன்றுகிறது. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்கு 2010இல் ஒரு கோடியே இருபது லட்சம் சந்தாதாரர்கள் இருந்தார்கள். ஆரம்பத்தில் 40ஆம் லெவலை எட்டும்வரை அதில் ஏறிச் செல்லக் குதிரை கிடையாது. பரந்த நிலத்தைப் பெரும்பாலும் கால்நடையாகவே கடக்க வேண்டும். போகப்போக, விளையாட்டை நடத்தும் நிறுவனம் இதையெல்லாம் எளிதாக்கியது. நடந்தது என்ன? பழைய சிரமத்தையே திருப்பித் தரச்சொல்லி ரசிகர்கள் கேட்டார்கள். 2019 ஆகஸ்டில் பழைய வடிவம் 'கிளாசிக்' என்ற பெயரில் திரும்பி வந்தபோது, உள்ளே நுழையவே மணிக்கணக்கில் இணைய வரிசையில் காத்துக் கிடந்தார்கள். எல்லோரிடமும் குதிரை இருந்தால் அதற்கு மரியாதை இல்லை. நடந்து தேய்ந்த கால்தான் குதிரைக்கு மதிப்பைக் கொடுக்கிறது.

களை எடுப்பதும் பருத்தி எடுப்பதும் அலுப்பில்லையா, ஒரே பந்தை ஆயிரம் முறை வீசிப் பழகும் கிரிக்கெட் பையன் மட்டும் உசத்தியா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பருத்தி எடுத்த கைக்குக் கூலி உண்டு. பந்து வீசிய தோளில் பழக்கம் தங்குகிறது. ஓநாயைக் கொன்று பெற்ற பலமோ ஆடியவரின் உடம்பில் சேர்வதில்லை, நிறுவனத்தின் சர்வரில் எண்ணாகப் பதிவாகிறது. அடுத்த விரிவாக்கம் வந்து உச்ச லெவலை உயர்த்திய அன்றே, மாதக்கணக்கில் உழைத்துப் பெற்ற வாள் பழைய இரும்பு. இன்னொரு ஆட்சேபம் இதைவிட வலுவானது: கூட்டாளிகள். பழைய வார்கிராஃப்டில் பெரிய எதிரியை வீழ்த்த 40 பேர் சொன்ன நேரத்தில் கூடி, அவரவர் வேலையைப் பிசகாமல் செய்ய வேண்டும். 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இவ்வகை ஆட்டத்தின் முன்னோடியை உருவாக்கியவர்களில் ஒருவரான ரிச்சர்ட் பார்ட்டில், ஆடுவோரில் ஒரு சாரார் பேசிப் பழகவே வருகிறார்கள் என்று பின்னாளில் வகைப்படுத்தினார். அந்த நட்பு பொய்யல்ல. நாற்றங்காலில் பேச்சும் பாட்டும் இல்லாமலா வேலை நகர்கிறது? ஆனால் அலுப்பைத் தாங்கவைக்கும் துணையே, அலுத்த பிறகும் எழுந்து போகவிடாத கயிறாகவும் ஆகிறது. ஒருவர் வராவிட்டால் மற்ற 39 பேருக்கும் தொல்லை.

நம் ஊருக்கு இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் கைபேசி வழியாக, இலவசம் என்ற பெயரில் வந்து சேர்ந்தன. இங்கேதான் கணக்கு மாறுகிறது. மாதம் 15 டாலர் வாங்கிய பழைய ஆட்டமும் நாட்களை இழுத்தடித்ததுதான், ஆனால் செலவு முதல் நாளே தெரிந்தது. இலவச ஆட்டங்களில் பலவும் அலுப்பை வேண்டுமென்றே கூட்டி, அதைத் தாண்டிப்போகும் சீட்டைக் காசுக்கு விற்கின்றன. இணைய விளையாட்டு பற்றிய தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டமும் மத்திய அரசின் 2025ஆம் ஆண்டுச் சட்டமும் குறிவைப்பது பணத்தைப் பணயம் வைத்து ஆடும் ஆட்டங்களை. பணயம் இல்லாத இந்த வியாபாரம் அந்தச் சட்டங்களின் தடைக்குள் வராது. அதனால், பிள்ளை புதிதாக இறக்கிய ஆட்டத்தில் வாளையும் அரக்கனையும் பார்ப்பதற்கு முன் அதன் கடைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அங்கே விலை போட்டிருப்பவற்றில் எத்தனை, ஆடாமல் இருப்பதற்கான விலை என்று எண்ணிப் பாருங்கள்.