அந்தக் கத்தி யாருடையது?

அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டம். லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்த எண்பது வயது மூதாட்டியின் முன் பேரன் கைத்தொலைபேசியை நீட்டினான். "அப்பாயி, உங்க கதையச் சொல்லுங்க."

அவர் சேலையைச் சரிசெய்துகொண்டார். "இங்கதான் பொறந்தேன். கஷ்டப்பட்டோம். இப்பப் பரவாயில்ல." அவ்வளவுதான். பேரனுக்கு முகம் வாடிவிட்டது.

கூரையில் செருகியிருந்த கவ்வாத்துக் கத்தியைக் காட்டி, "இது யாருடையது?" என்றேன். "அது அவருதுங்க சாமி" என்று தொடங்கியவர் ஒரு மணி நேரம் பேசினார். கணவர் கத்தி தீட்டும் விதம், மிளாறு சுமந்த வழி, பெரட்டில் கங்காணியோடு நடந்த சண்டை எல்லாம் வந்தன. கங்காணியின் குரலையும் அவரே பேசிக்காட்டினார். அந்தக் குறும்பு எந்தப் பதிவேட்டில் இருக்கும்?

நம் மக்களுக்கு முதியோர் நினைவு வெறும் பொழுதுபோக்கு அன்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், தகப்பன் இலங்கையில் பிறந்தார், அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்கள் என்று காட்டச் சொன்னது. கடிதாசி இல்லாத குடும்பங்கள் நாடற்றோராயின. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. உடன்பிறந்தோர் இரு கரைகளில் பிரிந்தனர். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, மனிதரோடு வீட்டுப் பெட்டிகளும் படங்களும் மண்ணுக்குள் போயின.

இழப்பை முன்னறிந்து உழைத்தவர்களும் உண்டு. 1984இல் மறைந்த சி.வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில் 2007இல் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் உருவானது. ஆனால் உங்கள் அப்பாயியின் கோபத்தையும் சிரிப்பையும் எந்த அருங்காட்சியகமும் வந்து எடுத்துப்போகாது.

எனவே இளைஞர்களே, "கதை சொல்லுங்கள்" என்று கேட்காதீர்கள். ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்: கொழுந்துக் கூடை, பழைய துண்டு, மங்கிய படம். அடுப்படியில், வேலையோடு வேலையாகப் பேசவிடுங்கள். சொன்னதையே திரும்பச் சொன்னால் தடுக்காதீர்கள். இரண்டாம் முறைதான் விடுபட்டது வரும். எழுதும்போது மொழியைத் திருத்தவேண்டாம். பெரட்டு பெரட்டாகவே இருக்கட்டும். தொரையை முகாமையாளர் ஆக்காதீர்கள். படித்த நமக்கு இந்தத் திருத்தும் நோய் அதிகம், எனக்கும் சேர்த்துத்தான். சொல்ல மறுப்பதை வற்புறுத்திக் கேட்கவும் நமக்கு உரிமையில்லை.

என் பாட்டி காலமானபோது நான் குருமடத்தில் இருந்தேன். அவருடைய தாயின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

சில வாரங்களுக்குப் பின் அந்தப் பேரன் ஒரு கொப்பியோடு வந்தான். தோட்டத்துக் கணக்கில் வெறும் இலக்கமாக இருக்கும் மலைக்கு அப்பாயியின் வாயில் 'பலாமரத்து மலை' என்று பெயராம். மரத்தை எப்போது வெட்டினார்கள் என்று கேட்டிருக்கிறான்.

"எங்க அண்ணன் இந்தியாவுக்குக் கோச்சி ஏறுன வருசம்" என்றாராம்.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.