நூற்றுக்கு எத்தனை பேர்? குழந்தைப்பேறு சிகிச்சைக்குப் போகும் முன்...



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். சேமிப்பு வசூல் முடிந்து உட்கடன் பேசும் நேரம். ஒரு உறுப்பினர் ஐம்பதாயிரம் ரூபாய் கேட்டார். "எதுக்கும்மா இவ்வளவு?" என்று ஊக்குநர் கேட்டதும், பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். டவுனில் உள்ள ஒரு கருத்தரிப்பு மையத்தின் நோட்டீஸ் அது. "80 சதவீதம் வெற்றி" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார்.

அங்கிருந்த ஒரு பெரியம்மா என்னைப் பார்த்து, "ஏம்மா, எண்பதுன்னா நூறு பேர் போனா எண்பது பேர் புள்ளையோட வீட்டுக்கு வருவாங்களா?" என்று கேட்டார். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு அரசு மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

குறை யாருக்கு?

தடுப்பு முறை எதுவும் இல்லாமல் ஒரு வருஷம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே பார்ப்பது நல்லது. இது ஊர் உலகத்தில் இல்லாத குறை இல்லை. உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்தச் சிக்கல் வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னது.

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆணுக்குச் செய்யும் விந்தணு பரிசோதனை சுலபமானது, செலவும் குறைவு. ஆனால் நம் ஊரில் பெண்ணுக்கு எல்லா ஸ்கேனும் எடுத்து முடித்த பிறகுதான் வீட்டுக்காரர் ஞாபகம் வருகிறது.

என்னென்ன சிகிச்சை?

சிலருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும். அடுத்தது ஐ.யூ.ஐ. இதில் கணவரின் விந்தணுவைச் சுத்தம் செய்து கருப்பைக்குள் செலுத்துவார்கள். ஒரு முறை செய்தால் பொதுவாக நூற்றுக்குப் பத்து, பதினைந்து பேருக்குத்தான் கரு தங்கும்.

மூன்றாவது ஐ.வி.எஃப். நாம் டெஸ்ட் டியூப் பேபி என்று சொல்வது இதைத்தான். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து, வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவோடு சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைப்பார்கள். இந்த முறையில் உலகின் முதல் குழந்தை 1978 ஜூலையில் இங்கிலாந்தில் பிறந்தது. அதே வருஷம் அக்டோபரில் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் முயற்சியால் இந்தியாவிலும் பிறந்தது.

ஒரே மையம், மூன்று கணக்கு

இப்போது பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம். கணக்குப் புரிவதற்காக ஒரு உதாரணம் சொல்கிறேன். இது எந்த மருத்துவமனையின் கணக்கும் அல்ல.

100 பெண்கள் ஊசி போட ஆரம்பிக்கிறார்கள். சிலருக்கு முட்டை வளரவில்லை, சிலருக்குக் கரு உருவாகவில்லை. கடைசியில் 80 பேருக்குத்தான் கரு வைக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து ரத்தப் பரிசோதனையில் 40 பேருக்கு 'பாசிட்டிவ்' வருகிறது. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது 32 பேருக்கு. சிலருக்குக் கலைந்துபோகிறது. கடைசியில் குழந்தை பெற்றவர்கள் 26 பேர்.

கரு வைத்த 80 பேரில் 40 பேருக்கு பாசிட்டிவ் என்பதை எடுத்தால் 50 சதவீதம் வெற்றி. இதயத்துடிப்பை எடுத்தால் 40 சதவீதம். ஆரம்பித்த 100 பேரில் குழந்தையோடு வீட்டுக்குப் போனவர்களை எடுத்தால் 26 சதவீதம்தான். மூன்றும் பொய்யில்லை. ஆனால் நமக்கு வேண்டிய கணக்கு கடைசிக் கணக்கு.

வயசு முக்கியம்

பிரிட்டனில் அரசு அமைப்பு ஒன்று எல்லா மையங்களின் கணக்கையும் வாங்கி வெளியிடுகிறது. அதன் 2022 கணக்குப்படி, 18 முதல் 34 வயது வரையுள்ள பெண்களுக்கு வைத்த 100 கருக்களில் சுமார் 35 குழந்தையாகப் பிறந்தன. 43, 44 வயதில் அது சுமார் 5 தான். வயது ஏற ஏற முட்டையின் தரம் குறைவதே காரணம். "45 வயசுல பெத்திருக்காங்களே" என்று சொன்னால், பெரும்பாலும் அது வேறு இளம் பெண் தானம் கொடுத்த முட்டையாக இருக்கும்.

இன்னொரு விஷயம். ஒரு முறைக்கு 30 என்றால் மூன்று முறைக்கு 90 என்று கூட்டக் கூடாது. நம் குழுக் கடனில் அசல் குறையக் குறைய வட்டி குறைகிறது அல்லவா, அதே மாதிரிதான். முதல் முறை 100 பேரில் 30 பேர். மீதி 70 பேரில் 21 பேர். மீதி 49 பேரில் 15 பேர். மொத்தம் 66. பாக்கி 34 பேர் மூன்று முறை செலவு செய்தும் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் இதற்கென்று மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சைக்கு எழுத்து மூலம் சம்மதம் வாங்க வேண்டும். பெண்ணுக்கு வயது 21-லிருந்து 50-க்குள், ஆணுக்கு 21-லிருந்து 55-க்குள் இருக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று பார்த்துக் கரு வைப்பது குற்றம்.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

1. உங்கள் மையம் பதிவு செய்ததா? சான்றிதழைக் காட்ட முடியுமா?
2. என் வயதில் சிகிச்சை ஆரம்பித்த 100 பேரில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது?
3. அது அவரவர் சொந்த முட்டையா, தான முட்டையா?
4. எத்தனை கரு வைப்பீர்கள்? (இரட்டைக் குழந்தை என்றால் தாய்க்கும் ஆபத்து, குறைமாதப் பிரசவமும் நடக்கலாம்.)
5. மருந்து, ஸ்கேன், ஆய்வகம் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தருவீர்களா?
6. எனக்கு ஐ.வி.எஃப். தான் வேண்டுமா? அதைவிடச் சின்ன சிகிச்சை போதாதா?

படித்துப் புரியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

குழு அவருக்குக் கடன் இல்லை என்று சொல்லவில்லை. "இந்தக் கேள்விக்கெல்லாம் பதில் வாங்கிட்டு வாம்மா, அப்புறம் தீர்மானம் போடலாம்" என்றார்கள். விசாரித்துப் பார்த்ததில், ஆறு வருஷத்தில் அவர் கணவருக்கு ஒரு பரிசோதனைகூட நடக்கவில்லை என்று தெரிந்தது. இப்போது இருவரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நகை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. குழந்தை பிறக்குமா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எதற்காகச் செலவு செய்கிறோம் என்று தெரிந்து போகிறார்கள்.

சகோதரிகளே, இதை அடுத்த கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இன்னொன்றும் செய்யுங்கள். "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்பதை நிறுத்துங்கள். வளைகாப்புக்கு அவர்களையும் கூப்பிட்டு, கையில் வளையல் போடச் சொல்லுங்கள். அதற்குக் கடனும் வேண்டாம், தீர்மானமும் வேண்டாம்.

– களப்பணி ஒருங்கிணைப்பாளர்