56 ஏபிஓ-வுக்கு பார்சல்: முறுக்கு ஓகே, ஐடிஆர்-வி வேண்டாம்!

என் மச்சான் ராணுவத்துல இருக்கார், இப்போ லடாக் பக்கம் போஸ்டிங். திருத்தணியிலிருந்து மாசாமாசம் ஒரு பார்சல் போகும்.

முகவரியில் ஊர் பேர் எழுதாதீங்க. சர்வீஸ் நம்பர், ரேங்க், பெயர், யூனிட், பின்கோடு, கடைசியில 56 ஏபிஓ, அவ்வளவுதான். (கிழக்குப் பக்கம்னா 99 ஏபிஓ.) யூனிட் இருக்கிற இடம் வெளியே தெரியக்கூடாதுன்னுதான் இந்த ஏற்பாடு. போஸ்ட் ஆபீஸ்லயே போடுங்க, உள்நாட்டுக் கட்டணம்தான்.

சோப்பு, பேஸ்ட் வெச்சு எடையை ஏத்தாதீங்க. அவங்க கேன்டீன்லயே மலிவா கிடைக்கும். பருப்புப் பொடி, முறுக்கு, கம்பளி சாக்ஸ், மலைக்கோயில் விபூதி போதும். போன தடவை அத்தை ஆசையா ஆவக்காய் வெச்சாங்க. எண்ணெய் கசிஞ்சு முறுக்கு மொத்தமும் காலி!

அதே டப்பாவுல ஐடிஆர்-வியையும் கையெழுத்துக்கு அனுப்பலாமான்னு மாமா கேட்டார். வேண்டாம். ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள்ள அது பெங்களூரு சிபிசிக்குப் போய்ச் சேரணும். தவறினா, வெரிஃபை ஆகிற தேதிதான் தாக்கல் தேதி. கெடு தாண்டிட்டா லேட் ஃபீ 5,000 ரூபாய் வரை. சிக்னல் இல்லாத இடத்துல ஓடிபியும் வராது. அதனால மச்சான் லீவுல வந்ததும்தான் ரிட்டர்ன் போட்டு, ஆதார் ஓடிபியில அப்பவே வெரிஃபை பண்றோம். இந்த வருஷம் ஜூலை இரண்டாவது வாரம் வர்றார்.